ஜகன்மோகினி நடத்திய கோதைநாயகி அம்மாள்

அண்ணாமலையார் திருக்கோயிலின் வடக்குக் கோபுரத்தை அம்மணியம்மன் கோபுரம் என்றே நம் ஊர் வழங்கி வருகிறது. குறையாய் நின்ற அக்கோபுரத்தை, ஊரூராகச் சென்று பொருள் திரட்டி முடித்த பெண்மணியின் பெயர் அது. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கூலிக்கும் நாள்தோறும் கணக்கு வைத்த ஒரு பெண்ணின் உழைப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலர். இலக்கிய உலகிலும் இதுவே நிலை. நூலைப் போற்றுகிறோம், நூல் வெளிவரக் காகிதமும் மையும் தேடியவரை மறந்து விடுகிறோம்.

நம் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஒரு மாத இதழை முப்பத்தைந்து ஆண்டுகள் இடையறாது நடத்திய ஓர் அம்மையாரின் வாழ்வை நினைத்துப் பார்ப்பது பொருத்தமுடையது. அவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், மேடைப் பேச்சாளர், இசையறிந்தவர் என்று அவரைப் பலவாறு அறிவோம். ஆனால் நின்றுபோன இதழொன்றை இருபத்து நான்காம் வயதில் விலைக்கு வாங்கி, அதனைத் தமிழகமெங்கும் பரவச் செய்த தொழில் முனைவர் என்ற வகையில் அவரை அறிந்தோர் குறைவு. இக்கட்டுரை அந்தக் கோணத்திலிருந்து அவரது வாழ்வைக் காண முற்படுகிறது.

பிறப்பும் மணமும்

கோதைநாயகி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் வெங்கடாச்சாரியார்; தாயார் பட்டம்மாள். வைணவ மரபில் ஊறிய, வசதி படைத்த குடும்பம். குழந்தைக்கு ஓராண்டு நிறையும் காலத்திலேயே தாயார் மறைந்தார். பாட்டியும் சித்தியும் வளர்த்தனர்.

ஐந்தரை வயதில், 1907-இல், அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகன் பார்த்தசாரதிக்கு வயது ஒன்பது. புகுந்த வீடு திருவல்லிக்கேணி வை. மு. குடும்பம். வை. மு. என்னும் அவ்விரண்டு எழுத்துகள் வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். கம்பராமாயணத்திற்கு உரை கண்ட வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் இம்மரபில் வந்தவர் என்றால், அக்குடும்பத்தின் தமிழ்ப் பற்றைத் தனியே விளக்க வேண்டியதில்லை. செல்வமும் கல்வியும் ஒருங்கே குடிகொண்டிருந்த வீடு அது.

ஆயினும் அவ்வீட்டு மருமகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அக்காலத்தில் உயர்குடிப் பெண்களின் நிலை அவ்வாறே இருந்தது. பட்டும் வைரமும் உடலை நிறைக்கும். ஏடும் எழுத்தாணியும் கைக்கு எட்டா. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் பிறந்தது. இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஓரளவு உரிமை தந்த சட்டம் 1937-இல் வந்தது. மகளுக்குத் தந்தை சொத்தில் பங்குரிமை கூறிய இந்து வாரிசுரிமைச் சட்டம் வர 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனவே செல்வக் குடும்பத்தில் பிறந்து செல்வக் குடும்பத்தில் புகுந்த பெண், செல்வத்தின் நடுவே வாழ்ந்தாள் எனலாமேயன்றிச் செல்வத்திற்கு உரியவளாக வாழ்ந்தாள் எனல் இயலாது. அணிந்திருக்கும் நகை ஒன்றே அவள் தனதென்று சொல்லத்தக்கது. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டால்தான் கோதைநாயகி செய்த செயலின் பெருமை விளங்கும்.

சொல்லச் சொல்ல எழுதிய கை

மாமியாரிடம் தெலுங்கு கற்றார். வீட்டில் ஓதப்பெற்ற பிரபந்தமும் இராமாயணமும் காதுவழியே அவருள் தங்கின. சுற்றத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு தாமே புனைந்த கதைகளைச் சொல்லும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு இருந்தது. கேட்கும் குழந்தை எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டுமானால் கதை எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் அப்போதே அறிந்துகொண்டார். பிற்காலத்தில் மாதந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்த கலைக்கு அதுவே அரிச்சுவடி.

கணவர் பார்த்தசாரதி அக்காலத்து ஆடவரினின்றும் வேறுபட்டவர். மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்த்த நாடகங்கள் தாமும் ஒன்று இயற்றலாம் என்னும் ஆவலைக் கோதைநாயகிக்குத் தந்தன. ஆனால் படிக்க ஓரளவு பழகியிருந்த அவருக்கு எழுத வரவில்லை. பட்டம்மாள் என்னும் தோழியார் கைகொடுத்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லத் தோழியார் எழுதினார். அவ்வாறு பிறந்ததே இந்திர மோகனா என்னும் நாடகம். அது 1924-இல் அச்சேறியது. எழுதப் பழகாத ஒருவரின் முதல் நூல் என்று யாரும் எண்ண இடமின்றி அது அறிஞர் பலரின் பாராட்டைப் பெற்றது. அத்தோழியாரிடமே பின்னர் எழுதவும் கற்றுக்கொண்டார் என்பர்.

ஜகன்மோகினி கைக்கு வந்த கதை

அந்நாளில் தமிழ் நாவல் உலகில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் பெயர் ஓங்கியிருந்தது. மர்மமும் திருப்பமும் நிறைந்த அவருடைய கதைகளை மக்கள் விரும்பிப் படித்தனர். அவர் கோதைநாயகியின் ஆற்றலைக் கண்டு ஊக்கமூட்டினார். ஜகன்மோகினி என்னும் பெயரில் தொடங்கி, நடத்த இயலாமல் நின்றுபோயிருந்த இதழொன்றை வாங்கி நடத்தலாம் என்ற ஆலோசனையும் அவர் வழியே வந்தது. 1925-இல் ஜகன்மோகினி கோதைநாயகியின் உடைமையாயிற்று.

இச்செயலை இன்றைய கண்கொண்டு எளிதாக எண்ணிவிடலாகாது. இதழ் என்பது அன்றும் நட்டம் தரும் தொழிலாகவே கருதப்பட்டது. மகாகவி பாரதியார் தம் நூல்களை அச்சிடப் பொருளுதவி வேண்டி 1920-இல் சுற்றறிக்கை விடுத்தும் தக்க ஆதரவு கிட்டவில்லை. மறு ஆண்டே அவர் கோதைநாயகி வாழ்ந்த அதே திருவல்லிக்கேணியில் மறைந்தார். பாட்டுக்கொரு புலவனுக்கே காகிதம் கிட்டாத நகரத்தில், நான்கு ஆண்டுகள் கழித்து, பள்ளி செல்லாத ஓர் இளம்பெண், பிறர் நடத்தி நிறுத்திய இதழை ஏற்றுக்கொள்ள முன்வந்தார்.

பெண்களுக்கான இதழ்கள் தமிழில் முன்னரே இல்லாமலில்லை. பாரதியார் ஆசிரியராக இருந்த சக்கரவர்த்தினி போன்றவை வந்தன. சில ஆண்டுகளில் நின்றன. அவற்றுட் பல ஆடவர் நடத்தியவை. பெண்ணுக்கு அறிவுரை கூறும் நோக்கில் அமைந்தவை. கோதைநாயகி வேறு வழியை மேற்கொண்டார். அறிவுரையைக் கதைக்குள் வைத்தார். கதையைத் தாமே எழுதினார். அவருடைய வைதேகி ஜகன்மோகினியில் தொடராக வந்தபோது இதழின் விற்பனை பன்மடங்காகப் பெருகியது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கு மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டு நோக்கலாம். 1926-இல் தோன்றித் தள்ளாடிக்கொண்டிருந்த ஆனந்த விகடனை எஸ். எஸ். வாசன் 1928-இல் விலைக்கு வாங்கி வளர்த்த வரலாற்றைத் தமிழ் இதழியல் வரலாறு எழுதுவோர் தவறாது குறிப்பிடுவர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதே சென்னையில், அதே துணிவோடு ஒரு பெண் அச்செயலைச் செய்தார் என்பதை அவர்களுட் பலர் ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். வாசனின் பிற்கால வளர்ச்சி பெரிது என்பது உண்மையே. எனினும் முன்னோடியின் இடம் முன்னோடிக்கே உரியது.

தொழிலின் நுட்பம்

ஓர் இதழ் எவ்வாறு உயிர் வாழ்கிறது? எழுதுபவர்க்குக் கூலி, அச்சுக் கோப்பவர்க்குச் சம்பளம், காகித வணிகர்க்கு விலை, தபாலுக்குச் செலவு ஆகிய நான்கும் மாதந்தோறும் வெளியே செல்லும். சந்தாவும் விற்பனையும் விளம்பரமும் அவற்றை ஈடுசெய்ய வேண்டும். சந்தா என்பது பொருளைக் காணுமுன் வாசகர் தரும் பணம். அதாவது நம்பிக்கையின் விலை. ஓரிதழ் தவறினால் நம்பிக்கை தளரும். இரண்டு தவறினால் சந்தா புதுப்பிக்கப்படாது. தமிழில் நின்றுபோன இதழ்களின் நீண்ட பட்டியலைப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை கருத்து வறுமையால் நிற்கவில்லை. கணக்கு இடித்ததால் நின்றன என்பது விளங்கும்.

கோதைநாயகி இச்சிக்கலைத் தமக்கே உரிய முறையில் தீர்த்தார். இதழின் தலையாய எழுத்தாளரும் அதன் உரிமையாளரும் ஒருவரே ஆனார். எனவே முதன்மைத் தொடருக்குக் கூலி கேட்பார் இல்லை. தொடராக வந்தவை பின்னர் நூல்வடிவம் பெற்றன. ஒரு கதை இருமுறை வருவாய் ஈட்டிற்று. பதிப்புரிமையைப் பிறரிடம் அடகு வைக்கவோ, ஒரு தொகைக்கு அறுதியாக எழுதிக் கொடுக்கவோ அவருக்கு நேரவில்லை. பின்னர் சொந்த அச்சகமும் ஏற்பட்டது. எழுதுகோல், இதழ், அச்சு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

இதன் பொருளை எழுத்தாளர்கள் நன்கு உணர்வர். சிறுகதை மன்னர் எனப் போற்றப்படும் புதுமைப்பித்தன் வறுமையிலும் காசநோயிலும் வாடி 1948-இல் மறைந்தார். அவரையொத்த பலரும் பிறர் நடத்திய இதழ்களை நம்பி வாழ்ந்து, அவ்விதழ்கள் சாய்ந்தபோது தாமும் சாய்ந்தனர். 1933-இல் எழுந்த மணிக்கொடி தமிழ் இலக்கியத்திற்கு ஒரு பொற்காலத்தைத் தந்தது. எனினும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நின்றது. மணிக்கொடியை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னே கைமாறி, அது நின்றபின்னும் இருபது ஆண்டுகள் வாசகர் கைகளில் தவழ்ந்த ஓர் இதழிடமிருந்து நாம் கற்க ஒன்றுமில்லையா? மாதம் ஓரிதழ் என்று கொண்டால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு நானூறு இதழ்களுக்கு மேலாகின்றன. அவ்வெண்ணிக்கை ஒருவகை இலக்கியச் சாதனையே.

வாசகர் யார் என்பதை அவர் ஐயமற அறிந்திருந்தார். வீட்டு வேலைகளுக்கு இடையே, நண்பகல் ஓய்வில், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்கும் பெண்களே அவருடைய வாசகர். அவர்களுட் பலர் அவரைப் போலவே பள்ளி காணாதவர். ஆதலின் அவருடைய கதைகளில் உரையாடல் மிகுதி, வருணனை குறைவு. மறுமணம், வரதட்சணைக் கொடுமை, பெண் கல்வி, மது விலக்கு, கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவை நன்மக்கள் துன்புற்று ஈற்றில் வெல்லும் கதைகளுக்குள் இழைந்தன. துப்பறியும் கதைகளையும் அவர் தயங்காது எழுதினார். பத்மசுந்தரன், ராதாமணி, சாருலோசனா, தியாகக்கொடி, புத்தியே புதையல், அநாதைப் பெண், தயாநிதி என்று நீளும் நாவல்களின் பெயர்களே அக்காலச் சுவையை நமக்குக் காட்டுகின்றன.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. குடும்பப் பெண் பத்திரிகை நடத்துவதையும், மேடையேறிப் பேசுவதையும் சுற்றத்தாரும் அண்டை அயலாரும் இகழ்ந்தனர். கணவர் உறுதியாகத் துணை நின்றார். இதழ்ப் பணிகளை அவரும் பகிர்ந்து கொண்டார். மனைவியின் பெயர் முன்னே விளங்க, தாம் பின்னே நின்று உழைக்கும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. ஜகன்மோகினியின் வெற்றியில் பார்த்தசாரதியின் பங்கை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது.

பட்டு கதரானது

இதழை ஏற்ற அதே 1925-இல் மற்றொரு திருப்பமும் நேர்ந்தது. சென்னைக்கு வந்த காந்தியடிகள் எஸ். சீனிவாச ஐயங்காரின் இல்லத்தில் தங்கியிருந்தார். அங்கே கோதைநாயகி அவரைக் கண்டார். பட்டும் நகையும் அணியும் வழக்கம் உடைய செல்வ வீட்டுப் பெண், அச்சந்திப்பிற்குப் பின் அவற்றைத் துறந்து கதர் உடுக்கலானார். மங்கல அணிகள் மட்டுமே எஞ்சின. மேலே கூறியதுபோல், அக்காலப் பெண்ணுக்கு நகை ஒன்றே சொந்தச் சொத்து. அதனைத் துறந்தவர், அதே ஆண்டில் வேறொரு சொத்தைத் தேடிக்கொண்டார் என்பது எண்ணத்தக்கது. கழுத்தில் கிடந்த செல்வம் போயிற்று. கை உழைப்பால் வரும் செல்வம் தொடங்கிற்று.

சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி, வசுமதி ராமசாமி ஆகியோர் அவருடன் பழகிய தோழியராயினர். தேசிய இயக்க மேடைகளில் கோதைநாயகியின் பேச்சுக்குக் கூட்டம் திரண்டது. கதைகளை உதாரணமாகக் காட்டி, இடையிடையே பாடி, நகைச்சுவை கலந்து பேசும் ஆற்றல் அவருக்கு உண்டு. மூதறிஞர் ராஜாஜியும் தீரர் சத்தியமூர்த்தியும் அவருடைய பேச்சாற்றலை மதித்தனர்.

1931-இல் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். மறு ஆண்டு அந்நியத் துணி எதிர்ப்பிலும் சிறைத் தண்டனை பெற்றார். உரிமையாளரும் ஆசிரியரும் முதன்மை எழுத்தாளரும் ஒருவராகவே உள்ள இதழுக்கு, அவ்வொருவர் சிறை புகுந்தால் என்ன ஆகும்? ஜகன்மோகினி நிற்கவில்லை. பார்த்தசாரதி பொறுப்பை ஏற்று நடத்தினார். சிறைக்குள் கோதைநாயகி எழுதுவதை நிறுத்தவில்லை. உடன் இருந்த பெண் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டறிந்தார். உத்தமசீலன், சோதனையின் கொடுமை ஆகிய நாவல்கள் சிறைவாசத்தின் விளைச்சல் என்பர்.

வணிகக் கண்ணோடு மட்டும் நோக்கினால் சிறை செல்வது பெரும் இடர். அரசின் சினத்துக்கு ஆளான இதழுக்கு விளம்பரம் குறையும். அச்சகத்துக்கு ஈட்டுத் தொகை கேட்கும் அடக்குமுறைச் சட்டங்கள் அக்காலத்தில் கடுமையாக இருந்தன. அவர் இதழைக் காக்கக் கொள்கையை விடவில்லை. கொள்கைக்காக இதழைக் கைவிடவும் இல்லை. இரண்டையும் ஒருசேரக் காத்தார். பிறர் முதலில் நடக்கும் இதழாயின் இவ்வுரிமை அவருக்குக் கிட்டியிராது. உடைமை தந்த உரிமை இது.

இசையும் திரையும்

இனிய குரல் வாய்ந்த கோதைநாயகி, கீர்த்தனைகளும் இயற்றினார். பாரதியார் பாடல்களைக் கூட்டங்களில் பாடிப் பரப்பினார். குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடத் தயங்கிய காலத்தில், டி. கே. பட்டம்மாளின் இசை மேடை ஏறத் துணை நின்று ஊக்கமளித்தவர்களுள் அவரும் ஒருவர்.

பேசும் படங்கள் வளர்ந்தபோது அவருடைய கதைகள் திரைக்குச் சென்றன. ராஜமோகன் 1937-இலும் அநாதைப் பெண் 1938-இலும் வெளிவந்தன. அவர் மறைந்த பின்னர், தயாநிதி நாவலைத் தழுவி கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய சித்தி 1966-இல் வெளிவந்து பெரும் வெற்றி கண்டது. பத்மினி ஏற்ற அந்தச் சித்தி பாத்திரத்தைக் கண்டு கலங்கியோர் எண்ணற்றோர். மூலக்கதை ஒரு பெண்ணின் இதழில் வந்தது என்பதை அவர்களுள் அறிந்தோர் எத்தனை பேர்? திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தார்.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப் போர் இதழ்த் தொழிலைக் கடுமையாகத் தாக்கியது. காகிதம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, விலை ஏறிற்று, அளவு குறைந்தது. 1942-இல் சப்பானியர் தாக்குவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். கோதைநாயகியும் செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தார்.

வாசகர் சிதறிப் போயினர், முகவரிகள் மாறின, தபால் தாமதித்தது. இந்நிலையிலும் ஜகன்மோகினி தொடர்ந்தது. வளமான காலத்தில் இதழ் நடத்துவது எளிது. முட்டுப்பாடு வந்தபோது பக்கத்தைக் குறைத்தேனும், இடத்தை மாற்றியேனும் பெயரை அணையாது காப்பதே நடத்துநரின் திறம். அது அவரிடம் இருந்தது.

கொடுத்த கை

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு காந்தியடிகள் மறைந்தார். 1948-இல் மகாத்மாஜி சேவா சங்கம் என்னும் அமைப்பைக் கோதைநாயகி தொடங்கினார். ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் கைத்தொழிலும் கல்வியும் இசையும் பயில அது வழி செய்தது. பெண்ணுக்கு அன்னமிடுவதைவிடத் தானே ஈட்டக் கற்பிப்பதே நிலையான உதவி என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். எனவே அவ்வமைப்பின் நோக்கம் அவருக்கு ஏட்டுக் கொள்கையன்று, பட்டறிவு.

விடுதலைப் போராட்ட ஈகியர்க்கு அரசு வழங்கிய வகையில் பத்து ஏக்கர் நிலம் அவருக்குக் கிடைத்தது. அதனை அப்படியே வினோபா அடிகளின் பூதான இயக்கத்துக்கு வழங்கினார். தொழிலால் வந்ததைத் தொழிலில் இட்டவர், தொண்டுக்காக வந்ததைத் தொண்டுக்கே திருப்பினார். இரு கணக்கையும் அவர் கலக்கவில்லை.

ஆனால் காலம் அவரிடம் ஒரு பெருங்கடனை வாங்கிற்று. ஒரே மகன் சீனிவாசன் 1956-இல் மறைந்தார். எத்தனையோ கதைகளில் பிரிந்த மக்களைப் பெற்றோருடன் சேர்த்து வைத்த தாய்க்கு, தம் கதையின் முடிவை மாற்றும் ஆற்றல் இல்லை. உள்ளம் ஒடிந்தார்; உடல் நலிந்தார். காசநோய் பற்றியது. தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அகவை ஐம்பத்தெட்டு.

அவருடைய எழுத்தை எவ்வாறு மதிப்பது?

இவ்வினாவை ஒதுக்கிச் செல்லுதல் நம் போன்றோர்க்கு அழகன்று. கோதைநாயகியின் நாவல்களைத் திறனாய்வாளர் உயர்ந்த இலக்கிய வரிசையில் வைப்பதில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. பாத்திரங்கள் நல்லோர், தீயோர் என இருகூறாக நிற்பர். அறிவுரை கதையை அழுத்தும். இக்குறைகளை மறுப்பதற்கில்லை. ஆசிரியரும் உரிமையாளரும் ஒருவரே ஆனதால் வந்த நலங்களை மேலே கண்டோம். அதனால் வந்த கேடும் ஒன்றுண்டு. கைப்படியை மறித்து, இதனைத் திருத்துக என்று சொல்ல அங்கே வேறொரு ஆசிரியர் இல்லை. மாதக் கெடு வந்து நிற்கும். எழுதியது அச்சுக்குப் போகும். ஆண்டுக்கு மூன்று நாவல் என்ற வேகம் ஆழத்தைத் தின்றிருக்கலாம்.

எனினும் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். எழுத்தறியாத வீடுகளுக்குள் மாதந்தோறும் ஓர் அச்சுத்தாளை நுழையச் செய்து, பெண்கள் படிக்கும் வழக்கத்தை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னாளில் லட்சுமியும் ராஜம் கிருஷ்ணனும் எழுத வந்தபோது, பெண் எழுதுவதை வியப்பாகக் கருதாத வாசகர் கூட்டம் ஒன்று ஆயத்தமாக இருந்தது. அந்நிலத்தை முன்னரே உழுதவர் கோதைநாயகி. உழவின் சால்கள் கோணலாக இருந்திருக்கலாம். விளைச்சலை உண்ட நாம் உழுதவரை மறப்பது முறையாகாது.

நமக்குரிய பாடம்

இலக்கியம் வணிகத்தோடு சேரலாகாது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. விற்பனைக்காகவே எழுதப்படும் எழுத்து தன் மதிப்பை இழக்கும். ஆனால் வணிகத்தை வெறுப்பது வேறு. கணக்கை வெறுப்பது வேறு. கவிஞர் பலர் தம் தொகுதியைக் கடன் வாங்கி அச்சிட்டு, நண்பர்க்கு இலவசமாகத் தந்து, மீதியைப் பரண்மேல் அடுக்கி, அடுத்த தொகுதிக்கு வழியின்றி ஓய்ந்து போவதை நாம் அறிவோம். சிற்றிதழ்கள் நான்காம் இதழோடு நின்று, நின்றதையே பெருமையாகக் கூறிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. கோதைநாயகியின் வாழ்வு அவ்வழக்கத்தை மெல்லக் கேள்வி கேட்கிறது.

பிறப்பால் வந்த செல்வத்தை அவர் துறந்தார். உழைப்பால் வந்த உடைமையைத் துறக்கவில்லை. அவ்வுடைமையை உரிமைக் குரலாக்கினார். சந்தா தந்த பெண்களை ஏமாற்றாமல், மாதம் தவறாமல், சிறையிலிருந்தும் போர்க்காலச் சிற்றூரிலிருந்தும் இதழ் சென்று சேரச் செய்தார். பத்து ஆண்டு கண்ட நம் வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் காண வேண்டுமாயின், நல்ல கவிதைகளோடு ஒழுங்காக எழுதப்பெற்ற ஒரு வரவு செலவுப் புத்தகமும் நமக்கு வேண்டும். அப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதத்தக்க பெயர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.